மரத்துதான் இருக்கு

மூன்று வருடத்துக்கு முன்னால், திருவண்ணாமலையில் ஒரு பல் மருத்துவமனையில் நான் டாக்டராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் நடந்தது இது. அன்று பௌர்ணமி. மதியத்துக்கு மேல் கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகராது என்பதால் காலையிலேயே நோயாளிகள் குவிந்துவிட்டார்கள்.

எதையும் பட்டியல் போட்டு டிக் அடிப்பது என் பழக்கம். கல்லூரியில், மண்டையோட்டிலிருந்து வாய்க்கு நரம்பும் ரத்தக்குழாயும் வரும் துளைகளைக்கூட அப்படித்தான் மனப்பாடம் செய்தேன். எந்தத் துளை, எது நுழைகிறது, எங்கே போகிறது. கீழ்த்தாடையின் உள்பக்கத் துளையில் நுழையும் நரம்பு, பற்களுக்கு அடியில் எலும்புக்குள்ளேயே ஓடி, மோவாய் அருகே இன்னொரு சின்னத் துளை வழியாக வெளியே வந்து உதட்டுக்குப் போகும். அதனால்தான் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுக்க ஊசி போட்டால் உதடு மரத்துப்போகிறது. அதைக் கேட்டு உறுதி செய்த பிறகுதான் பல்லில் கை வைக்க வேண்டும்.

அன்று வந்தவர் ஊருக்குள் தையல் கடை வைத்திருந்த பாய். ஐம்பது வயதிருக்கும். கடைவாய்ப் பல் ஆடுகிறது, எடுத்துவிடுங்கள் என்றார்.

"சீக்கிரம் பாத்து அனுப்பும்மா. ரோட்டை அடைச்சிட்டாங்கன்னா நானும் மலையைச் சுத்திதான் வீட்டுக்குப் போவணும்."

எல்லோரும் சிரித்தோம். ஆடுகிற பல்தானே என்று எக்ஸ்ரே எடுக்கவில்லை. மருந்து பிடிக்க மூன்று நான்கு நிமிடமாவது ஆகும்; ஊசி போட்டு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"உதடு மரத்துடுச்சா பாய்?"

"மரத்துதாம்மா இருக்கு."

டிக் அடித்தேன். பல்லைப் பிடித்ததும் அவர் நாற்காலியின் கையை இறுக்கினார். பயம் என்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தார். பல் எடுத்த குழி ஆறவில்லை, உள்ளிருந்து சதை வளர்ந்திருந்தது. மருத்துவமனையை நடத்தும் பெரிய டாக்டர் அவர் மோவாயைத் தொட்டு, எப்போதிலிருந்து உணர்ச்சி இல்லை என்று கேட்டார்.

"பல்லு எடுக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே சார். குண்டூசியை உதட்டுல கடிச்சிக்கினு தைப்பேன். குத்தி ரத்தம் வந்தாக்கூடத் தெரியல. இந்தம்மா அன்னிக்கே கேட்டாங்களே, நானும் சொன்னேனே."

அவர் என்மேல் குறை சொல்லவில்லை. எனக்குச் சாதகமாகப் பேசுவதாகவே நினைத்தார்.

எக்ஸ்ரேயில் நரம்பு ஓடும் பாதையின் கரையே காணோம். புற்றுநோய் தின்றிருந்தது. உதடு மரத்திருந்தது அதனால்தான், என் ஊசியால் அல்ல. வேலூருக்கு அனுப்பினோம். பாதித் தாடையை எடுத்தார்கள். அடுத்த ரம்ஜானுக்கு அவர் இல்லை. அந்த இரண்டு மாதம் கைவிட்டுப் போகாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். அவர் கை கழுவப் போனார்.

மரத்துடுச்சு என்றால் இப்போது. மரத்துதான் இருக்கு என்றால் முன்பிருந்தே. தமிழ் பேசும் எவருக்கும் தெரிகிற வித்தியாசம்தான். இப்போதெல்லாம் ஊசியை எடுக்கும் முன் பஞ்சால் மோவாயைத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்கிறேன். "தெரியுது" என்று அவர்கள் சொல்வதற்குள் கழியும் அந்த ஒரு நொடியில், சரியான பதிலைச் சொல்லிவிட்டு என்னை நம்பி வாயைத் திறந்த பாய்தான் ஒவ்வொரு முறையும் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.