தம்பியின் முதல் பாடற்பூசை

லத்தீனில் பாடி நடத்தும் பாடற்பூசையில் பாடகர் குழு செய்வது திருச்சடங்கைச் சேர்ந்த வேலை. ஆகவே அது ஆண்களுக்கே உரியது. பெண்கள் அதில் சேரலாகாது. ரோமாபுரியிலிருந்து வந்த இந்த விதியை எங்கள் பங்கில் முழுதாகப் படித்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பங்குச் சாமியார், மற்றவன் நான். படிக்க வேண்டியது அவருடைய கடமை. எனக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. திருச்சி ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்த விதிப்புத்தகம் கையில் கிடைத்தாலும் அட்டை முதல் அட்டை வரை படித்துவிடும் பழக்கம் அங்கே வந்தது. ரிட்டையர் ஆன பிறகும் போகவில்லை.

கோயிலில் நான் மிதி ஆர்மோனியம் வாசித்தேன். பாடகர் குழுவின் காரியதரிசியும் நானே. வாசலுக்கு மேலே இருந்த மரமாடியில் ஆறு ஆண்கள் லத்தீனில் பாடுவார்கள். அவர்களில் இருவருக்குச் சுருதி தெரியும். ஒருவருக்கு வருஷம் முழுவதும் ஜலதோஷம். மற்ற மூவரும் சத்தத்துக்கு.

கீழே, பெண்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு டீச்சர் உண்டு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தார். சாயந்திர ஆசீர்வாதத்தில் தமிழ்ப் பாட்டுப் பாடும்போது அவர் குரல் மட்டும் தனியாக மேலே ஏறி மாடிக்கு வரும். எங்கள் ஆறு பேரும் அப்போது தொண்டையைச் செருமிக்கொள்வார்கள்.

யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு, அந்த டீச்சருடைய தம்பிக்குக் குருப்பட்டம் நிச்சயமாயிற்று. ஈஸ்டரான பாஸ்குத் திருநாள் கழிந்து மூன்றாம் ஞாயிறு எங்கள் கோயிலில் அவருடைய முதல் பூசை, அதுவும் பாடற்பூசை. தகப்பனார் இல்லாத வீடு. டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்து தம்பியைப் படிக்க வைத்தவர். தம்பிக்கு எல்லாம் வரும், பாட்டு மட்டும் வராது. குருவானவர் பாடித்தான் ஆக வேண்டிய பகுதிகளை, விடுமுறைக்கு அவர் வந்தபோதெல்லாம் அக்காதான் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தாராம்.

தபசுக்காலத்துக்கு முன் ஒரு ஞாயிறு டீச்சர் மாடிப்படி அடியில் என்னை நிறுத்தினார்.

"சார், தம்பி பூசையில நான் பாடணும். அது ஒண்ணுதான் கேக்குறேன். வழி இருந்தா சொல்லுங்க."

மாடியில் ஏற வழியில்லை என்றேன். வீட்டுக்குப் போய் விதியை மறுபடி படித்தேன். வழி இருந்தது. பாடகர் குழுவில்தான் பெண்களுக்கு இடமில்லை. கோயிலில் கூடியிருக்கும் சபை பாடுவதைத் தடுக்கவில்லை, சொல்லப்போனால் ஊக்கப்படுத்தியிருந்தது. சபை முழுவதும் லத்தீனில் பாடினால், சபையில் ஒருத்தியாக டீச்சரும் பாடலாம். எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போனது.

சாமியாருக்கு விண்ணப்பம் எழுதினேன். முன்னுரை, விதி, விளக்கம், வேண்டுகோள் எல்லாம் முறையாக வைத்து இரண்டு பக்கம். "இருபாலாரும் சேர்ந்து பாடும் சபை" என்று ஒரு வரியும் சேர்த்தேன். யாரும் கேட்கவில்லை, வாக்கியம் நன்றாக அமைந்தது, எழுதிவிட்டேன். சாமியார் அதே காகிதத்தின் அடியில் "மேற்கண்ட நிபந்தனைப்படி சம்மதம்" என்று எழுதிக் கொடுத்தார். நான் நிபந்தனை எதுவும் எழுதவில்லை என்றே அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெண்களுக்கு டீச்சர் பாடம் எடுத்தார். ஞாயிறு மத்தியானம் பள்ளிக்கூடத்தில், கரும்பலகையில் லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிப் போட்டு, "ஆண்டவரே இரக்கமாயிரும்" முதல் விசுவாசப் பிரமாணம் வரை. உறையூரிலிருந்து நெசவுக்காரக் குடும்பத்துப் பெண்கள் கைக்குழந்தையோடு நடந்து வந்தார்கள். அவர்களில் ஒரு அம்மாள், அர்த்தம் தெரியாமல் பாடினால் கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டார். "மாடியில பாடுறவங்களுக்கு மட்டும் தெரியுதாக்கும்?" என்றாராம் டீச்சர். இதை என்னிடம் சொன்னவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, எனக்கு அர்த்தம் தெரியும்.

ஆண்களுக்கு நான் பாடம் எடுத்தேன். முதல் வாரம் பதினொரு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் நாலு பேர். மூன்றாம் வாரம் வந்த இருவரில் ஒருவர் குடையை மறந்துவிட்டுப் போனதால் வந்தவர். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். பெரிய கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் சாயம் போகும் துணியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"எங்களுக்குப் பாட வராதுன்னுதானே உங்களை மேல ஏத்தி வெச்சிருக்கோம்? இப்ப எங்களையும் பாடச் சொன்னா நீங்க எதுக்கு?"

மாடிக்காரர்களும் அதையே வேறு விதமாகக் கேட்டார்கள். கீழே எல்லோரும் பாடினால் மேலே இருப்பவர்கள் கூரையைத் தாங்கவா என்றார் எங்கள் முதல் பாடகர்.

ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார். அவரிடம் புலம்பினேன். "பாடறதுக்கு ஆள் கிடைக்கலைன்னா அழறீர்?" என்றார். "எங்க கோயில்ல யார் முதல்ல வாயத் திறக்கணும்னு ரெண்டு பேர் வக்கீல் வெச்சிண்டிருக்கா, ஓய். உமக்கு என்ன குறைச்சல்?" அவர் ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

பூசைக்கு முந்தின ஞாயிறு சாமியார் ஒத்திகை கேட்க வந்தார். பெண்கள் பக்கம் ஐம்பது பேருக்குக் குறையாது. பாடினார்கள். எட்டு வாரத்தில் அப்படி ஒரு சுத்தம் எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டீச்சர் தன் குரலை வேண்டுமென்றே அடக்கிக்கொண்டு, நடுவில் ஒருத்தியாக இருந்தார். ஆண்கள் பக்கத்தில் இருந்த முப்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். சிலர் ரசித்துத் தலைகூட ஆட்டினார்கள்.

சாமியார் என் விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்தார்.

"இருபாலாரும்னு நீரே எழுதியிருக்கீர். பெண்கள் மட்டும் பாடினா அது சபையா, பெண்கள் குழுவா?"

அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சபைதான் சாமி என்று நான் சொல்லியிருந்தால் மடித்துப் பைக்குள் வைத்திருப்பார். விதியில் சபை என்று மட்டும்தான் இருந்தது. அதில் பாதி ஆண், பாதி பெண் என்று அளவு எதுவும் இல்லை. அளவு வைத்தவன் நான். ஆனால் எழுதிக் கொடுத்ததற்கு மாறாக வாயால் சொல்வது முறையல்ல என்று எனக்குப் பட்டது.

"பெண்கள் குழுன்னுதான் ஆகும் சாமி," என்றேன்.

டீச்சர் எழுந்து நின்றார். முக்காட்டைச் சரி செய்துகொண்டார்.

"அப்ப, ஆம்பளைங்க வாயைத் திறக்காததுக்கு நாங்க வாயை மூடிக்கணும். சரிங்க சாமி."

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. பேசியிருந்தால் ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருக்கும். தம்பிக்குத் தானாகச் சுருதி எடுக்க வராது. கடைசியாகக் காதில் விழும் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்கும்படிதான் அவர் பழக்கியிருந்தார்.

முதல் பூசையன்று கோயில் கொள்ளவில்லை. மாடியில் எங்கள் ஆறு பேரும் பாடினார்கள், ஜலதோஷக்காரர் உள்பட. காணிக்கைப் பகுதியில் நான் ஆர்மோனியம் வாசித்து, முடிக்கும்போது அழகுக்காக மேல் கட்டையில் ஏறி நிறுத்தினேன். அடுத்து, அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு முன்பு, தொடக்கத்தில் நாலு வரிக்கு மட்டும் பாடகர்களின் பதிலோடு, குருவானவர் தனியாகப் பாட வேண்டிய நீண்ட பாட்டு. அதற்கு ஆர்மோனியம் துணை போகக் கூடாது என்பது விதி. கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

புதுச்சாமியாரான தம்பி என் மேல் கட்டையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். முதல் வரியிலேயே குரல் நூலாகிவிட்டது. மாடியிலிருந்து ஆறு பேரும் அதே உச்சத்தில், கழுத்து நரம்பு புடைக்க, ஆமென் சொன்னார்கள். இரண்டாவது வரி அதைவிட மோசம். மூன்றாவது வரிக்கு, இருதயங்களை மேலே எழுப்புங்கள் என்று அர்த்தம். ஏற்கெனவே எழும்ப இடமில்லாத உயரத்தில் நின்று அதைப் பாட, பாதியில் குரல் உடைந்தது. அதற்கு அப்புறம் ஒரு பக்கத்துக்கும் மேலே பாட்டு பாக்கி இருந்தது. அதை வேறு யாரும் பாட முடியாது.

மாடிக்காரர்கள் அடுத்த பதிலுக்கு மூச்சை இழுப்பதற்குள் கீழேயிருந்து பதில் வந்தது. டீச்சர் அவசரப்படாமல், நாலு கட்டை இறக்கி, ஒவ்வொரு எழுத்தையும் தட்டில் எடுத்து வைப்பதுபோல் பாடினார். ஒரு கணம் கழித்துப் புதுச்சாமியார் நாலாவது வரியை அக்கா வைத்த இடத்திலிருந்து எடுத்தார். அதற்கும் அக்காதான் பதில் பாடினார். மாடியில் யாருக்கும் அந்தச் சுருதி சட்டென்று கிடைக்கவில்லை. பிறகு தம்பி தனியாகக் கடைசிவரை பாடி முடித்தார். நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முடித்தார்.

பூசைக்குப் பின், எண்ணெய் பூசப்பட்ட கைகளை முத்தமிட்டு முத்திசெய்ய எல்லோரும் பீடத்துக்கு முன்னுள்ள கிராதிக்கு வந்தார்கள். முதலில் தாயார், அடுத்து டீச்சர். நான் பக்கத்தில் நின்றேன்.

"ரொம்ப மேல போயிட்டேன்ல, அக்கா?"

"ஆமாங்க சாமி. இனிமே ஆர்மோனியத்தை நம்பாதீங்க," என்று தம்பியின் உள்ளங்கைகளை முத்திசெய்துவிட்டு நகர்ந்தார்.

திங்களன்று எங்கள் முதல் பாடகர், பூசையில் இரண்டு இடங்களில் பெண்குரல் கேட்டதாக எழுத்தில் புகார் கொடுத்தார். காரியதரிசி என்ற முறையில் நான் அதைச் சாமியாரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு மேஜை இழுப்பறைக்குள் போட்டார். பிறகு என் பழைய விண்ணப்பத்தை எடுத்து, "இருபாலாரும் சேர்ந்து" என்ற இரண்டு சொற்களின் மேல் ஒரு கோடு கிழித்து, டீச்சரிடம் இனி ஞாயிறுதோறும் பெண்கள் பாடலாம் என்று சொல்லிவிட்டு வரச் சொன்னார்.

சாயந்திரம் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். கோடு கிழித்த காகிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்தார்.

"நான் கேட்டது தம்பி பூசைக்கு, சார். அது முடிஞ்சுபோச்சு. மத்த ஞாயித்துக்கிழமைக்கெல்லாம் உங்க ஆறு பேரே போதும்."

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சிலேட்டை எடுத்தார். நான் திரும்பி வந்து, விண்ணப்பதாரர் தமது விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று சாமியாரிடம் அறிவித்தேன்.