ஒரு குடம் தண்ணீருக்கு எவ்வளவு ஐஸ்

நான் பத்தாவதோடு நின்றவள். பௌதிகத்தில் ஒரு பாடம் மட்டும் நன்றாக வந்தது. உள்ளுறை வெப்பம். ஒரு கிராம் ஐஸ் உருக எண்பது கலோரி. உருகி முடிகிறவரை சூடு ஏறாது. இவ்வளவு தண்ணீர், இவ்வளவு சூடு, எவ்வளவு ஐஸ் உருகும் என்று கேட்பார்கள். போட்டுவிடுவேன்.

அந்த வருஷம் குறுவை அறுப்பில் அப்பா செத்துப்போனார். காலையில் களத்துக்குக் கிளம்பியவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

அண்ணன் திருச்சி ஜெயிலில் இருந்தது. கூலி நெல் கூட்டிக் கேட்ட தகராறு. ஆட்சி மாறினால் கூலி ஏறும் என்றார்கள். ஆட்சி மாறிவிட்டது. மிராசுதார் மட்டும் பழைய ஆளேதான்.

குழியில் முதல் மண் தலைப்பிள்ளைதான் போடவேண்டும்; அது அண்ணன். விவசாயச் சங்கத்துக்காரர் பரோல் வாங்கக் கிளம்பினார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கூட்டியாந்துடறேன். அதுவரைக்கும் வச்சிருங்க" என்றார்.

புரட்டாசி வெயில். தரங்கம்பாடி மீன் வண்டிக்காரர் ஐஸ் பாளம் கொண்டுவந்து இறக்கினார். சாக்கு சுற்றி, மேலெல்லாம் உமி.

அத்தை மோந்து பார்த்தது. "மீன் கவிச்சி அடிக்குது. இதுலயா எங்க அண்ணனைக் கிடத்துறது? கழுவுங்க."

"இருந்தவரைக்கும் மீனுன்னா உசிர விடுவாரு. இப்ப கவிச்சி ஆகாதாக்கும்" என்றார் மாமா. இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனாலும் மோட்டார் கொட்டகையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. சாக்கை அவிழ்த்து, உமியைத் தேய்த்துக் கழுவினார்கள். மறுபடி ஊற்றினார்கள்.

நான் அப்பா தலைமாட்டில் இருந்தேன். தரையில் விரலால் போட்டுப் பார்த்தேன். குடம் பதினைந்து லிட்டர். சூடு முப்பது டிகிரி என்று வைத்தேன். பெருக்கி எண்பதால் வகுத்தால், ஒரு குடத்துக்கு அஞ்சரைக் கிலோவுக்கு மேல் ஐஸ் கரையும் என்று வந்தது. தண்ணீர் முழுச் சூட்டையும் விடாமல் ஓடிவிடுகிறது, பாதி என்றே வைத்தாலும் அதிகம்.

"ஊத்தாதீங்க மாமா. கரைஞ்சிரும்."

"பச்சைத் தண்ணிதானே புள்ள. வெந்நியா ஊத்துறோம்?"

"பச்சைத் தண்ணியிலயும் சூடு இருக்கு மாமா."

"அப்பன் போன துக்கத்துல பேசுது, விடுங்க" என்றது அத்தை. கவிச்சி போகிறவரை ஊற்றினார்கள்.

கழுவின ஐஸில் அப்பாவைக் கிடத்தினோம். உமியும் இல்லை, சாக்கும் இல்லை. விடிகிறபோது அடியில் ஈரம்தான் இருந்தது. வண்டிக்காரர் கடற்கரைக்குப் போய்விட்டார். வெயில் ஏறியது. வயிறு உப்ப ஆரம்பித்ததும் பெரியவர்கள் தூக்கச் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா மகன் முதல் மண் போட்டான்.

சங்கத்துக்காரர் சொன்னபடி அண்ணன் மத்தியானத்துக்கு முன்னாலேயே வந்தது. கூட இரண்டு போலீஸ். நேரே இடுகாட்டுக்குக் கூட்டிப்போனேன். மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"கொஞ்சம் வச்சிருக்கக் கூடாதா?"

"ஐஸ் தீந்துபோச்சு."

போலீஸ்காரர் பீடி பற்றவைத்தார். அண்ணன் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தது. போடவில்லை. கையிலேயே வைத்திருந்தது.

"முகம் எப்படி இருந்துச்சு?"

"ஈரமா இருந்துச்சு" என்றேன்.