மாப்பிள்ளை பார்க்க வடக்கே போனேன்

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதுதான் நானறிந்த வழக்கம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நானே காரை எடுத்துக்கொண்டு, லண்டனிலிருந்து ஸ்கொட்லாந்தின் வட முனைவரை தன்னந்தனியாக ஓட்டிப்போய் மாப்பிள்ளையைப் பார்த்தேன். எண்பதுகளின் கடைசியில் நடந்தது. போய்வந்த மூன்று நாளும் நான் ஒரு நிமிடம்கூடக் கோபமில்லாமல் இருந்ததாக ஞாபகம் இல்லை.

அப்போது நானும் அண்ணையும் லண்டனில், நோர்பரியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு இருபத்தொன்பது வயது, அவருக்கு முப்பத்தைந்து. பேசிக்கொண்டிருந்தது மாற்றுச் சம்பந்தம். மாப்பிள்ளை என்னைக் கட்டுவார், அவருடைய தங்கையை அண்ணை கட்டுவார். இரண்டு கலியாணமும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில். ஒன்று குழம்பினால் மற்றதும் குழம்பும். அந்தத் தங்கை கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தாள். அவளுடைய படத்தை அண்ணை பஸ் பாசோடு சேர்த்து வைத்திருந்தார். பாசை எடுக்கும்போதெல்லாம் படத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

மாப்பிள்ளையின் படம் எனக்கு வந்தது, மனோர் பார்க்கில் இருந்த அவருடைய மாமா மூலமாக. கோட் போட்ட, சிரிக்காத ஆள். ஸ்கொட்லாந்தில் ஹொட்டேல் மனேஜர் என்றார்கள்.

"ஆளை ஒருக்காப் பாக்கவேணும், அண்ணை."

"பெடியனுக்கு லீவு இல்லை. அங்க இப்ப சீசன். கலியாணத்துக்கு வருவான்தானே, அப்ப வடிவாப் பார்."

"அப்ப போனிலயாவது கதைக்கிறன்."

"உனக்கென்ன விசரே? இந்த வயசில வந்த சம்மந்தத்தை நீயே கதைச்சுக் குழப்பப் போறியோ?"

இந்த வயசில! அந்தச் சொல்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைக் கேட்டாலும் அவரிடம் இப்படி ஒன்று தயாராக இருக்கும். மூன்றாம் தடவையில் லைசென்ஸ் எடுத்து, ஒரு பழைய சிவப்புக் காரும் வாங்கியிருந்தேன். எங்கள் தெருவில் அதை நிறுத்தப் போனால் அண்ணை கீழே இறங்கி வந்து என்னை இறக்கிவிட்டுத் தானே நிறுத்துவார். "தலைகீழா நிண்டாலும் உனக்குப் பின்னுக்கு எடுக்க வராது" என்பார், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கும்படி.

படத்தின் பின்பக்கத்தில் ஹொட்டேலின் பெயரும் ஊரும் மாமாவின் கையெழுத்தில் இருந்தன. வரைபடத்தில் தேடிப் பார்த்தேன். அதற்கு மேலே கடல்தான். பர்மிங்ஹாமில் சிநேகிதி வீட்டில் நின்றுவிட்டு வருகிறேன் என்று அண்ணையிடம் புளுகிவிட்டு, பாணும் சீனிச் சம்பலும் கட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையில் வெளிக்கிட்டேன். வாழ்நாள் முழுக்க ஒருவனோடு இருக்கப்போவது நான். அவனை ஒரு தரம் நேரில் பார்க்கிற உரிமைகூட எனக்கு இல்லையா?

அன்று மாலை ஸ்கொட்லாந்துக்குள் பேர்த் நகரைத் தாண்டி ஒரு சிற்றூரில் களைத்துப்போய், அறை உண்டு என்று பலகை தொங்கிய வீட்டில் மணியடித்தேன். கதவைத் திறந்த மனுசி என்னை மேலும் கீழும் பார்த்து, இடமில்லை என்றாள். நான் படலையைத் தாண்டுவதற்குள் பலகையைத் திருப்பி மாட்டினாள். உன் வீட்டில் உன் தலையணையில் நீயே படு என்று தமிழில் சொல்லிவிட்டு வந்து, காருக்குள் சுருண்டேன். விடியக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

இன்வர்னஸ் கழிந்து இன்னும் வடக்கே போகப்போக வீதி சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு கார் மட்டும் போகிற அகலம். இரண்டு பக்கமும் கறுத்த சேறு, மரம் என்று பெயருக்கும் ஒன்றில்லை. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்து அடித்தது. செம்மறிகள் நடுவீதியில் படுத்துக்கிடந்து, ஹோர்ன் அடித்தால் கலியாண வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி முறைத்தன. மழை விட்ட நேரத்தில் தேநீர் குடிக்கலாமென்று இறங்கினேன். கண்ணுக்குத் தெரியாத நுளம்புகள் ஆயிரம் வந்து மொய்த்தன. காதுக்குள், மயிருக்குள், கோப்பைக்குள்ளும். தேநீரை ஊற்றிவிட்டு ஓடிவந்து கதவைச் சாத்தினேன். சீ, இதுவும் ஒரு நாடா என்று வாய்விட்டுக் கத்தினேன். கேட்க ஒரு ஆள் இல்லை.

பிறகு ஒரு மீன் லொறி எதிரே வந்தது. அந்த வீதிகளில் இடையிடையே ஒதுங்குவதற்கென்று சிறிய இடம் விட்டிருப்பார்கள். யாருக்கு அது கிட்டவோ அவர் பின்னால் போய் ஒதுங்கவேண்டும். எனக்குப் பின்னால் ஒன்று இருந்தது, ஒரு வளைவைத் தாண்டி. லொறிக்காரன் லைற்றை அடித்தான். நானும் அடித்தேன். அவன் இறங்கி வந்து, பின்னுக்கு எடு என்றான். எனக்கு ஏலாது, நீ எடு என்றேன். அவன் தன் லொறியைப் பார்த்தான், பின்னாலிருந்த ஏற்றத்தைப் பார்த்தான், கையைக் கட்டிக்கொண்டு என் காருக்கு முன்னால் நின்றான். கோதாரி விழுவான், நின்றுகொண்டே இருந்தான். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே ரிவர்ஸ் கியரைப் போட்டேன். முதல் தடவை சேற்றுக்கு ஒரு சாண் கிட்டப் போனது. முன்னுக்கு எடுத்தேன். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாவதில் வளைவைச் சுற்றிப்போய் இடத்துக்குள் சரியாக நின்றது. அந்த வீதியில் எல்லாரும் நன்றிக்கு ஒரு கை தூக்குவார்கள். அவன் அதுகூடச் செய்யாமல் போனான்.

சனிக்கிழமை பின்னேரம் ஹொட்டேலை அடைந்தேன். முன்னால் இருந்த பெண்ணிடம் படத்தைக் காட்டி, மனேஜரைப் பார்க்கவேண்டும் என்றேன். அவள் சிரித்துவிட்டுக் குசினிப் பின்வாசலைக் காட்டினாள். அங்கே றப்பர் கையுறையோடு, முழங்கைவரை சவர்க்கார நுரையோடு படத்திலிருந்த ஆள் நின்றார். நான் நோர்பரியிலிருந்து வருகிறேன், இன்னாரின் தங்கை என்றதும் ஆளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"நீங்களோ? தனியாவோ வந்தனீங்கள்?"

"ஓம். மனேஜர் ஐயாவைப் பாக்க வந்தனான்."

"மனேஜர் எண்டது மாமான்ர கதை. நான் கோப்பை கழுவுறன்." கையுறையைக் கழற்றினார். "உங்கட அண்ணைக்கு எல்லாம் எழுதினனான்தானே?"

"என்ன எழுதினனீங்கள்?"

"ரெண்டு கடிதம் போட்டனான். இஞ்ச எனக்கு ஒராள் இருக்கு, பிள்ளையும் இருக்கு, இந்தக் கலியாணம் ஏலாது, உங்கட தங்கச்சியிட்டக் காட்டுங்கோ எண்டு. பதில் வரேல்லை. நீங்களும் வேண்டாமெண்டு விட்டிட்டியள் எண்டு நினைச்சன்."

அந்த நேரம் பார்த்துச் செம்பட்டைத் தலைமயிர்ப் பெண் ஒருத்தி பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். என்னை யாரென்று சொல்வது எனத் தெரியாமல் அவர், எங்கள் ஊராள் என்றார். அவள் நம்பவில்லை. பிள்ளைக்கு ஒரு வயதிருக்கும். அவருடைய நெற்றி அப்படியே இருந்தது. அது சப்பி நனைத்த பிஸ்கட்டை என்னிடம் நீட்டியது. வாங்கிக்கொண்டேன்.

"அப்ப என்ர தங்கச்சியின்ர விசயம் என்னாகும்?" என்று அவர் கேட்டார்.

"அதை என்னட்டயோ கேக்கிறியள்?" என்று சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தேன்.

திரும்பும்போது அந்த ஒற்றை வீதியில் யார் எதிரே வந்தாலும், கிட்டவோ தூரமோ, நானே பின்னுக்கு எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அண்ணையைத் திட்டிக்கொண்டே எடுத்தேன்.

ஞாயிறு பின்னேரம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் சேர்ட்டுக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பர்மிங்ஹாமில என்ன புதினம்?"

"அந்த ரெண்டு கடிதத்தையும் தாங்கோ."

எந்தக் கடிதம் என்று அவர் கேட்கவில்லை. அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய், கலியாணத்துக்கென்று தைத்த கோட்டுக்குக் கீழேயிருந்து எடுத்து வந்தார்.

"கட்டினாப் பிறகு எல்லாம் சரிவரும் எண்டு நினைச்சன்."

"அங்க பிள்ளை இருக்கு, அண்ணை."

"எனக்கு முப்பத்தைஞ்சு வயசு," என்றார். "எனக்கு வேற ஆர் பெண் தருவினம்?"

பாவமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அதைக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. "அதுக்கு என்னைக் குடுப்பியளோ?" என்று கேட்டேன். அவர் அயன் பெட்டியின் வயரைக் கழற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மாற்று இல்லாமல் பெண் தரமாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். கொழும்பிலிருந்த பெண் கனடாவுக்குக் கலியாணமாகிப் போனாள். நானும் பிறகு, ஆளைப் பார்த்துக் கதைத்துத்தான், கட்டினேன். அண்ணை கட்டவேயில்லை. தொண்ணூறுகளில் ஞாயிறு மத்தியானங்களில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், ஒரே கதையைச் சொல்வார்.

"நீ சொன்ன மாதிரி பர்மிங்ஹாமுக்குப் போயிருந்தா, எல்லாருக்கும் நல்லபடியா நடந்திருக்கும்."

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு விடுவேன். அவர் சொல்கிற அந்த எல்லாரிலும் பிஸ்கட் நீட்டிய அந்தப் பிள்ளை இல்லை. நானும் இல்லை.