தும்மலுக்குத் திரும்பியவள்

புத்தூர்ச் சிவக்கொழுந்துக்குப் பத்து வருடமாகப் பீனிசம். புகையிலைத் தூசு பட்டால் போதும், கண் வீங்கி மூக்கு அடைத்துவிடும். வீட்டில் யாராவது பயணம் புறப்பட்டால் அவள் கிணற்றடிக்குப் போய் நின்றுகொள்வாள். புறப்படும் நேரத்தில் தும்மல் கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள்.

1991இல், யுத்த காலத்தில், ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு அவளே புறப்பட்டபோதும் வாசல் படலையடியில் தும்மினாள். "திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டு இரு" என்றாள் தாய் நல்லம்மா. பஸ் போய்விட்டது. அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிப்போய் பஸ் ஏறினாள்.

"ரெண்டு தவணை ஏன் வரேல்லை?" என்று தாதி அட்டையைப் பார்த்துக் கேட்டாள். உட்காரும் வாங்கு நிறைய ஆட்கள். தும்மினதால் என்று சொல்ல அவளுக்கு நாக்கூசியது.

"செல்லடி, மிஸ். வெளிக்கிட ஏலாமல் போச்சு."

அந்த இரண்டு நாளும் புத்தூரில் ஒரு பீரங்கிச் செல்லும் விழவில்லை. தாதியின் முகம் இளகியது. அவளுடைய அட்டையை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

பக்கத்தில், மாவிட்டபுரத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஓர் அம்மா காதில் பஞ்சோடு விடியற்காலை முதல் காத்திருந்தாள். "உங்கடை பக்கமும் விழுந்ததே, பிள்ளை? வீடு தப்பிச்சுதோ?"

"ஓம், அம்மா."

"நல்லது. நீ முதலிலை போ. எனக்கு இருந்து பழகிப்போச்சு."

சிவக்கொழுந்து போனாள். டாக்குத்தர் மூக்கைப் பார்த்து மருந்து எழுதினார். அந்த வாங்கைக் கடந்துதான் வெளியே வரவேண்டியிருந்தது.

"என்னவாம், பிள்ளை? சுகம் வருமாமோ?" என்று அந்த அம்மா கேட்டாள். சிவக்கொழுந்து சீட்டை மடித்தபடி, குனிந்த தலை நிமிராமல் நடந்தாள்.