நாற்பது கணினிகளும் ஒரு கடிதமும்

பழைய நாளிதழ் ஒன்றைத் தரையில் விரித்து, நாணயம் போன்ற வட்ட பேட்டரிகளை அதன்மேல் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் எழுதிய துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு லேப் அக்கா உட்கார்ந்திருந்த காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மின்விசிறியைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். சீட்டுகள் பறந்துவிடுமாம். வியர்வை வழிய, கையில் திருப்புளியோடு நிமிர்ந்து பார்த்து, "செத்த நேரம் பொறுங்க மேடம், இன்னும் பதினோரு மிஷினுதான்" என்றார். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே போய் ஒரு பேட்டரியையாவது எடுத்துக் கொடுத்திருக்கலாம். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து எரியோடு போகும் வழியில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில், கணினித் துறை விரிவுரையாளராக நான் சேர்ந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. அக்கா எனக்கு முன்பிருந்தே அங்கே வேலை பார்த்தார். சின்னாளப்பட்டியில் தறி வைத்திருக்கும் வீட்டுப் பெண். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர். ஆனால் கல்லூரிப் பதிவேட்டில் அவருடைய பெயர் உதவியாளர்கள் பட்டியலில் இருந்தது. காலையில் லேபைத் திறந்து கூட்டுவதும் அவர்தான். ஓடாத கணினியைப் பிரித்து ஓட வைப்பதும் அவர்தான். முதல் வேலைக்குப் பதிவேட்டில் இடம் இருந்தது, இரண்டாவதற்கு இல்லை. மாணவர்கள் அவரை அக்கா என்றார்கள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

அந்த வருடம் ஆய்வுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. பாடத்திட்டத்தில் லினக்ஸ் செய்முறை இருந்தது. எங்கள் நாற்பது கணினிகளில் ஒன்றில்கூட லினக்ஸ் இல்லை. எல்லாவற்றிலும் பழைய விண்டோஸ். அதை அழிக்கவும் முடியாது, வேறு துறைகளின் மென்பொருள்கள் அதில்தான் ஓடின. இரண்டையும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம் என்று முன்பு ஒருவர் முயன்று, ஒரு கணினியில் இருந்ததையெல்லாம் இழந்திருந்தார். அதிலிருந்து துறைத் தலைவர் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார். லேப் பொறுப்பாளர் நான். என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது அக்கா கேட்டார்: "விர்ச்சுவல் மிஷின் போட்டா என்ன மேடம்? விண்டோஸ் பாட்டுக்கு இருக்கட்டும். அதுக்குள்ள ஒரு ஜன்னல் மாதிரி தொறந்து, லினக்ஸ அதுல ஓட விடலாம்."

அந்தச் சொல்லை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, கட்டம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை. அக்கா வீட்டில், தம்பியின் கணினியில் செய்து பார்த்திருந்தார்.

சனி, ஞாயிறு, அதைத் தொடர்ந்து இரண்டு விடுமுறை நாள்கள். சின்னாளப்பட்டியிலிருந்து பஸ் ஏறி, திண்டுக்கல்லில் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் லேபில் இருப்பார். முதல் கணினியிலேயே முட்டியது. லினக்ஸின் அறுபத்து நான்கு பிட் பதிப்பை ஏற்க மறுத்தது. கணினியின் அடிப்படை அமைப்புக்குள் போய் ஒரு வசதியை இயக்கினால்தான் ஏற்கும் என்று கண்டுபிடித்தார். அங்கே போனால் கடவுச்சொல் கேட்டது. கணினிகளைக் கொடுத்த கடைக்காரர் எப்போதோ போட்டது, யாருக்கும் தெரியவில்லை. அதனால்தான் அந்த வட்ட பேட்டரிகள். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பேட்டரியைக் கழற்றி, சற்று நேரம் விட்டுத் திரும்பப் போட்டால் கடவுச்சொல் மறந்துபோகும். தேதியும் மறந்துபோகும். நாற்பதிலும் தேதியையும் நேரத்தையும் மறுபடி அடித்தார்.

லினக்ஸ் ஏறத் தொடங்கியபோது, வட்டில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டு நிறுவவா என்று திரை கேட்டது. நான் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டேன். அக்கா சிரித்தார். "பயப்படாதீங்க மேடம். நாம உள்ள உண்டாக்கி வச்ச வெத்து டிஸ்க்கத்தான் அது கேக்குது. வெளிய இருக்கிறது ஒரு மயிரிழை அசையாது." தயக்கமே இல்லாமல் சுட்டியை அழுத்தினார். நினைவகம் குறைவு என்பதால் முதலில் போட்ட லினக்ஸ் வகை நத்தையாய் நகர்ந்தது. அதைத் தூக்கிவிட்டு இலகுவான ஒன்றைப் போட்டார். ஒரு கணினியில் சரியாக அமைந்ததும் அதை அப்படியே ஒரே கோப்பாக்கி மற்றவற்றுக்கு நகலெடுத்தார். நாற்பதாவது திரையும் உயிர்பெற்றபோது நான்காம் நாள் மதியம் மூன்று மணி இருக்கும். டிபன் பாக்ஸைத் திறந்தார். புளிச்சோறும், வெஞ்சனத்துக்கு உருளைக்கிழங்கும் கொண்டுவந்திருந்தார். எனக்கும் ஒரு பங்கு வைத்தார்.

ஆய்வுக் குழு வந்த அன்று, பட்டப்படிப்பு இல்லாத ஊழியர்கள் விருந்தினரைக் கவனிக்க வேண்டும் என்று உத்தரவு. அக்கா தேநீர்த் தட்டோடு லேப் வாசலில் நின்றார். குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் ஒரு கணினியில் உட்கார்ந்து நாலைந்து கட்டளைகளை அடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இந்தப் பழைய மிஷின்ல இவ்வளவு நல்லா ஓடுதே! யார் செஞ்சது?" என்று கேட்டார். துறைத் தலைவர் என் பக்கம் கையைக் காட்டினார். பெரியவர் என்னைப் பார்த்தார்.

"ஆமா சார்" என்றேன்.

யாரும் என்னை மிரட்டவில்லை. ஒரு நொடி தாமதித்திருந்தால் உண்மை வந்திருக்குமோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வந்திருக்காது. பெரியவர் மேலும் கேட்ட கேள்விகளுக்கு, அக்கா எனக்குச் சொன்னதையே, அவருடைய சொற்களை எடுத்துவிட்டு என்னுடைய ஆங்கிலத்தைப் போட்டுச் சொன்னேன். அக்கா எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். தெரியவில்லை. அறிக்கையில் என் பெயர் வந்தது. அடுத்த பதவி உயர்வும் அதை வைத்தே வந்தது.

சில மாதங்கள் கழித்து, அரசு பாலிடெக்னிக் ஒன்றில் லேப் டெக்னீஷியன் வேலைக்கு அக்கா விண்ணப்பித்தார். கணினி நிறுவிப் பராமரித்த அனுபவத்துக்குச் சான்று கேட்டிருந்தார்கள். அலுவலகம் பதிவேட்டில் உள்ளபடிதான் கொடுக்கும் என்று கைவிரித்துவிட்டது. என்னிடம் வந்தார். "லேப் பொறுப்பாளர் கடுதாசி குடுத்தாலும் ஏத்துக்கிறாங்களாம். நான் செஞ்சத மட்டும் எழுதுங்க மேடம். கூட ஒரு வார்த்த வேணாம்."

துறைத் தலைவரிடம் கேட்டேன். "அந்த வேலைய நீங்க செஞ்சதா அறிக்கையில இருக்கு. இப்ப அவங்க செஞ்சாங்கன்னு நீங்களே கையெழுத்துப் போடுவீங்களா? யோசிங்கம்மா" என்றார். ஒரு முழு நாள் யோசித்தேன். யோசித்து, ஆய்வகத்தைத் தூய்மையாகப் பராமரிப்பதில் இவர் நன்கு உதவினார் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நன்கு என்ற சொல்லைச் சேர்த்தபோது ஏதோ நியாயம் செய்துவிட்டதுபோல இருந்தது. இன்றைக்கும் என்னை அதிகம் கூச வைப்பது அந்தச் சொல்தான்.

அக்கா என் மேசை முன்னால் நின்றபடியே படித்தார். இரண்டே வரி. இரண்டாம் முறையும் படித்தார். "இம்புட்டுதானா மேடம்?" என்றார். கடிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "வாரேன்" என்று போனார். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பருவம் முடிந்ததும் எங்கள் கல்லூரியிலிருந்தும் நின்றுவிட்டார்.

போன மாதம் திண்டுக்கல் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நான் இப்போது துறைத் தலைவர். ஒதுங்கிப் போய்விடலாம் என்று திரும்புவதற்குள் அவரே வந்துவிட்டார். தலையில் நரை. பக்கத்தில் மகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். தான் ஒரு துணிக்கடையில் பில் போடுவதாக அக்கா சொன்னார். என் பிள்ளைகளை விசாரித்தார், என் பழைய கால் வலி எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்டார். பேச்சில் கல்லூரியின் பெயர் வந்ததும் மகள் ஆவலாகத் திரும்பினாள். "அம்மா, நீ வேல பாத்த காலேஜா? அங்க என்னவா இருந்த?"

அக்கா என்னைப் பார்த்தார். அவர் சொல்லட்டும், நாற்பது கணினிகளையும் சொல்லட்டும், நான் ஆமாம் என்று தலையாட்டுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"லேபக் கூட்டிக்கிட்டு இருந்தேன் பாப்பா" என்றார். "மேடமே எழுதிக் குடுத்திருக்காங்களே."

அந்தப் பெண் மரியாதையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சின்னாளப்பட்டி பஸ் வந்து நின்றது, இருவரும் ஏறிக்கொண்டார்கள். அது கிளம்பச் சில நிமிடங்கள் ஆயின. அதுவரை நான் அங்கேயேதான் நின்றிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை.