கரடிக்குக் குரல் கொடுத்த அதிகாரி

அறுபதுகளின் தொடக்கத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில், ஒரு தொடக்கப் பள்ளியின் தமிழ் வகுப்புக்கு நான் ஆசிரியை. தென்காசிப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி வந்த ஊரில் கிடைத்த வேலை அது. பள்ளிக்கூடத்தை ஒட்டியே ஒரு சுக்குக் கிடங்கு. நாங்கள் பாடம் படித்ததெல்லாம் அந்த நெடியில்தான்.

என் வகுப்பில் இருந்தவர்கள் சின்னக் கடைக்காரர்கள், ஓட்டல் வேலைக்காரர்கள், மூட்டை தூக்குபவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பலருடைய அம்மாக்கள் அந்தக் கிடங்கில்தான் சுக்கு புடைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம் என்று வளர்ந்த பிள்ளைகள். மத்தியானம் சாப்பிடப் போனால் பாதிப் பேர் திரும்பி வரமாட்டார்கள். அதட்டிப் பார்த்தேன், பிரம்பை ஆட்டிப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், சாப்பாடு முடிந்ததும் முதல் வேலையாக ஒரு கதைப் புத்தகத்தை உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். காட்டிலிருந்து ஊருக்குள் வந்த கரடி ஒன்று ஓட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து, முதலாளியைப் படுத்துகிற பாடுதான் கதை. கரடி பேசும் இடத்திலெல்லாம் அடித்தொண்டையில் உறுமுவேன். பிள்ளைகள் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் முறத்தின் சத்தம்கூட நின்றுவிடும். எனக்குத் தலைகால் புரியவில்லை!

அந்தச் சமயம் பார்த்துத்தான் கல்வி அதிகாரி வரப்போகிறார் என்று தகவல் வந்தது. தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைவாம். மலையாள வகுப்போடு சேர்த்துவிடலாமா என்று பார்த்து முடிவு செய்ய வருகிறாராம். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சரே, அவர் முன்னால நல்லா வாசிச்சுக் காட்டணும், கேட்டோ! உங்க வாசிப்பிலதான் எல்லாம் இருக்கு" என்றார். வேலை போய்விடுமே என்று பயமாகத்தான் இருந்தது. அதைவிட, இத்தனை பாடுபட்டு உட்காரவைத்த பிள்ளைகள் மறுபடியும் தெருவுக்குப் போய்விடுவார்களே என்பதுதான் பெரிய கவலை.

அதிகாரி வருவதற்கு முந்தின நாள், கரடி போல உறுமி உறுமி என் தொண்டை லேசாகக் கரகரத்தது. பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? சாப்பிடப் போனவர்கள் ஆளுக்கொரு மருந்தோடு திரும்பினார்கள். தூக்குச்சட்டியில் சுக்குக் கஷாயம், இலையில் மடித்த மிளகுப்பொடி, தேனில் குழைத்த திப்பிலி, இஞ்சிச் சாறு. எல்லாம் அவரவர் அம்மா கொடுத்துவிட்டது. ஒருத்தியுடையதைக் குடித்துவிட்டு இன்னொருத்தனுடையதை ஒதுக்கினால் அவன் முகம் வாடிவிடும். அதனால் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் விழுங்கினேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று அவர்களுக்குப் பாடம் நடத்தியவளே நான்தான்! வயிற்றிலிருந்து தொண்டை வரை தீப்பிடித்தது. காலையில் எழுந்து என் கணவரைக் கூப்பிட்டால், வாயிலிருந்து வெறும் காற்று வருகிறது.

மத்தியானம் அதிகாரி வந்து உட்கார்ந்தார். "வாசியுங்கோ டீச்சர்" என்றார். புத்தகத்தைத் திறந்தேன், வாயையும் திறந்தேன். ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை. தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

முன்வரிசைப் பெண் எழுந்தாள். "சார், டீச்சருக்கு மருந்து கூடிப்போச்சு. எங்க அம்மா தந்தது மட்டும் குடிச்சிருந்தா சரியாயிருக்கும்."

"இல்ல சார், இவங்க அம்மா தந்ததுலதான் தொண்டை போச்சு!" என்றான் பின்னாலிருந்து ஒருவன். அவ்வளவுதான், எந்த அம்மாவின் மருந்து குற்றவாளி என்று வகுப்பே சண்டையில் இறங்கியது.

அதிகாரியின் மீசை துடித்தது. கோபம் என்று நினைத்தேன். பார்த்தால், சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார். அவர் தமிழ் எல்லையை ஒட்டிய கொல்லங்கோட்டுப் பக்கத்துக்காரராம், தமிழ் கொஞ்சம் தெரியுமாம். கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். "நானே வாசிக்கறேன். தப்பு வந்தா சிரிக்கப்படாது, கேட்டோ!"

எழுத்துக்கூட்டி, மலையாள ராகத்தில் மெல்ல வாசித்தார். கரடி பேசும் இடம் வந்ததும் ஒரு பொடியன் எழுந்துவிட்டான். "கரடி இப்படிப் பேசாது சார். கொஞ்சம் கனமா உறுமணும்."

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு உறுமினார். "இன்னும்!" என்றார்கள். மேல்துண்டை எடுத்து மேஜையில் போட்டுவிட்டு இன்னொரு உறுமல் உறுமினார் பாருங்கள், பிள்ளைகள் பெஞ்சு மேலேயே ஏறிவிட்டார்கள். சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல், "ஆரு வாசிக்கிறது? இங்க ஒண்ணும் கேக்கல, ஒரக்க வாசிங்க!" என்று அதட்டியது. அத்தனை பெரிய அதிகாரி, "சரி சரி" என்று பதில் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உரக்க வாசித்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலித்தது. அதற்கும் சத்தம் வரவில்லை.

முதலாளி தலையில் கரடி சாம்பார் வாளியைக் கவிழ்க்கப் போகும் இடத்தில் மணி அடித்துவிட்டது. அதிகாரி புத்தகத்தை மூடினார். "கவுத்துச்சா சார்? சொல்லுங்க சார்!" என்று பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு விடவே இல்லை.

அவர் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். "பாக்கியை உங்க டீச்சர் வாசிப்பாங்க. தொண்டை சரியானதும் வாசிப்பாங்க. அடுத்த வருஷமும் இதே கிளாஸில நின்னு வாசிப்பாங்க" என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். கும்பிடத்தான் முடிந்தது என்னால்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் எத்தனையோ கதைகள் வாசித்துவிட்டேன். ஆனாலும் நான் ஒரு வரிகூட வாசிக்காத அந்த மத்தியானம்தான் என் வாழ்நாளிலேயே நல்ல வகுப்பு என்று இன்றும் நினைக்கிறேன், ஏனென்றால் கதை கேட்கத் துடிக்கும் பிள்ளைகள் எதிரே இருந்தால் வாசிக்க ஒரு குரல் எப்படியாவது வந்து சேரும் என்ற தைரியம் எனக்கு வந்தது அன்றைக்குத்தான்.