சாந்தோமிலிருந்து பாலவாக்கத்துக்கு ஒரு ஜனாதிபதி

காலை ஒன்பது மணிக்குத் தி. நகரில் பஸ் ஏறியபோது சாந்தோம் வரைக்கும்தான் பயணம் என்று நினைத்திருந்தேன். என்னோடு பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சரித்திர டீச்சர் ஸ்டெல்லா போனில் அழைத்திருந்தாள். பிறந்து வளர்ந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பாலவாக்கத்தில் மகன் ஜெரோம் வாங்கியிருக்கும் ஃபிளாட்டுக்குப் போகிறாள். "சாமானெல்லாம் லாரியில போயிடுச்சு. அவரை மட்டும் வேணும்னே விட்டுட்டுப் போயிட்டான். நீ வாயேன்."

காலிக் கூடத்துச் சுவரில் 'அவர்' தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஜனாதிபதி, பதவியில் இருக்கும்போதே சுடப்பட்டு இறந்தவர். திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் ஸ்டெல்லாவின் அப்பா மாட்டிய படம்; ஆண்டவர் லாரியில் போய்விட்டார். நம்மவர்களும் நாடாளலாம் என்று தன் பெண்களுக்கு அதைக் காட்டிக் காட்டிப் படிக்க வைத்தாராம்.

சாமி படம் போதும், புதுச் சுவரில் இவருக்கெல்லாம் ஆணி அடிக்க மாட்டேன் என்று ஜெரோம் கறாராகச் சொல்லிவிட்டான். "அவருக்கு இடமில்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை?" என்றாள் இவள். விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதைதான். நானே படத்தைக் கழற்றினேன்.

பாலவாக்கம் ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூற்றெண்பது ரூபாய். அடையாறு பாலத்தில் நெரிசல். எங்கள் பள்ளிக்கூடப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்த டிரைவர் கண்ணாடியில் என் மடியிலிருந்த படத்தைப் பார்த்தார்.

"இன்னாம்மா, டீச்சரம்மா வூட்டுக்காரரா? சோக்கா கீறாரு."

"அமெரிக்க ஜனாதிபதிப்பா."

"அய்ய, அப்ப பள்ளம் பாத்து ஓட்டணும்."

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருவான்மியூர் தாண்டும்வரை பாடமே நடத்தினாள். போரில் படகு உடைந்தபோது, காயம்பட்ட மாலுமியின் மிதவைச் சட்டை வாரைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே கரைவரை நீந்தியவர். கியூபாவில் படையெடுப்பு தோற்றபோது அடுத்தவரைக் கைகாட்டாமல் பழியைத் தானே ஏற்றவர். அவரிடமும் குறைகள் உண்டு என்பதை அவள் மறைக்கவில்லை. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஃபிளாட் நாலாவது மாடியில். படத்தைக் கண்டதும் ஜெரோமின் முகம் சுருங்கியது. "அம்மா, சொன்னேன்ல?"

அவன் மனைவி காயத்ரி மயிலாப்பூர்ப் பெண். என் கையிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டு கணவனிடம் சொன்னாள்.

"எங்காத்துல சுவத்துல படம்னா சாமி, இல்லேன்னா செத்துப்போனவா. சாந்தோம் ஆத்துல இவர் ஆண்டவர் பக்கத்துல இருந்தாரா, இவரும் ஒரு புனிதர்னு நெனச்சுட்டேன். கொரோனால நீங்க மூச்சு விடமுடியாம ஆஸ்பத்திரில கெடந்தேளே, தெனமும் மெழுகுவத்தி ஏத்தி இவர்ட்டதான் வேண்டிண்டேன். ஜனாதிபதின்னு அப்பறந்தான் தெரிஞ்சுது."

"சொல்லவே இல்லையே?" என்றான்.

"நீங்கதான் ஆத்துக்குத் திரும்பி வந்துட்டேளே. அப்பறம் என்ன சொல்றது?"

ஜெரோம் உள்ளே போய் டிரில் மிஷினை எடுத்து வந்தான். எங்கே மாட்டுவது என்று அம்மாவைக் கேட்கவும் இல்லை, ஏற்கெனவே மாட்டியிருந்த ஆண்டவர் பக்கத்திலேயே துளை போட்டான்.

மாட்டியதும் காயத்ரி பழக்கதோஷத்தில் இரண்டு படத்தின் கண்ணாடியிலும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். ஸ்டெல்லா முந்தானையால் ஆண்டவரின் பொட்டை மட்டும் மெல்லத் துடைத்தாள். ஜனாதிபதிக்கு வைத்ததை அப்படியே விட்டுவிட்டாள்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் கூடத்துச் சுவரைப் பார்த்தேன். நகைக்கடைக் காலண்டர், கடிகாரம், கல்யாணப் போட்டோவில் தாலியோடு சிரிக்கும் நான். ஒரு கஷ்டம் என்றால் இதில் யாரிடம் போய்க் கேட்பது?